தேறுதல்புரத்து இதோ

தேறுதல்புரத்தில் ‘இதோ’ என்ற சொல் வேலை செய்யத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். தங்கையா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது டீயில் பாதியைக் குடித்திருந்தபோது, ஒரு தெரு தள்ளி இருந்த வீட்டு வாசலில் நின்று அவர் மனைவி ராஜபாய் சோறு ஆறுகிறது என்று மூன்றாவது முறையாகச் சத்தம் போட்டாள். அவரும் கல்யாணமான நாளிலிருந்து செய்துவந்ததைப் போலவே, இருந்த இடத்தை விட்டு அசையாமல் ‘இதோ வந்துட்டேன்’ என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் கையில் டீக்கிளாசோடு தன் வீட்டு அடுக்களையில் நின்றார். ராஜபாய் வாசலிலிருந்து திரும்பி உள்ளே வந்து அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் கிளாசைக் கழுவிக் கடையில் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிச் சோற்றைப் போட்டாள்.

சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லாம் ‘இந்தா வாரேன்’ என்பார்கள். தேறுதல்புரத்துக்காரர்களுக்கு மட்டும், நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் கோயிலில் வேதாகம வாசிப்பைக் கேட்டுக் கேட்டு, ‘இதோ’தான் வாயில் வரும். வடக்கே தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் தெற்கே குளத்துக்கரைக்கும் நடுவில் இருநூறு வீடும் ஒரு கோபுரமும் கொண்ட அந்த ஊரில், தையல்காரர் ‘இதோ வந்து அளவெடுக்கேன்’ என்பார், கரண்டுக்காரர் ‘இதோ வந்து பாக்கேன்’ என்பார், வருகிறேன் என்று சொன்ன யாரும் அன்றைக்கு வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை, வராததற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அதே நேரத்தில் கிளைத் தபால் நிலையத்தில் எமீமாள் தன் கடைசிச் சீட்டை மரத்தட்டில் போட்டு முடித்திருந்தாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடமாக அந்த ஊரின் தபால் அதிகாரி அவள்தான். கடிதங்களைப் பிரித்துப் போட அறுபது குழி வைத்த மரத்தட்டு ஒன்று அவளுக்குப் பின்னால் சுவரில் நின்றது, கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துபோனதிலிருந்து அந்தக் குழிகள் காலியாகவே கிடந்தன, காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாததால் வேதாகமத்தில் இருந்து சொற்களை எடுத்து அதில் போடத் தொடங்கினாள். பழைய படிவங்களின் பின்பக்கத்தைச் சின்னச் சீட்டாகக் கத்தரித்து, ஒரு சொல் எந்த அதிகாரத்தில் எந்த வசனத்தில் யார் வாயில் வருகிறது, வந்து அங்கே என்ன காரியம் செய்கிறது என்று எழுதுவாள். கிருபை, விசுவாசம், இரட்சிப்பு போன்ற பெரிய சொற்களைப் பார்த்துக்கொள்ள ஐயர் இருக்கிறார். அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்பார்கள். சின்னச் சொற்களைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முதல் மூன்று வருடம் ‘ஆகையால்’ என்ற சொல்லின் பின்னால் அலைந்தாள், அதனால் ஊரில் எதுவும் நடக்கவில்லை, எதைச் சொன்னாலும் காரணம் கேட்கும் பழக்கம் மட்டும் அவளுக்கு வந்தது. அடுத்த இரண்டு வருடம் ‘ஆனாலும்.’ அதற்கு அப்புறம்தான் ‘இதோ.’

‘இதோ’வை எடுத்ததற்குக் காரணம் ஞானாபரணம் ஐயர். எளிய தமிழில் புதிதாய் வந்த பதிப்பு ஒன்றை அவர் பிரசங்க பீடத்தில் காட்டி, இதில் இதோ கிதோ என்ற பழைய சுமையெல்லாம் கிடையாது, வாசிக்க இலகுவாக இருக்கிறது என்று சொன்னார். ஆராதனை முடிந்ததும் எமீமாள் அவரிடம் போய், அந்தச் சொல் எங்கே போயிற்று என்று கேட்டாள்.

“அது ஒரு அசைச்சொல் எமீமா. எடுத்துட்டாலும் வசனத்துக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் ஐயர்.

கடிதத்துக்குள் எழுதியிருப்பது வேறு, உறைமேல் எழுதியிருப்பது வேறு. உறைமேல் இருப்பதை யாரும் இரண்டாம் முறை வாசிப்பதில்லை, அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எவருக்கும் போய்ச் சேர்வதும் இல்லை. ‘இதோ’ உறைமேல் எழுதுகிற சொல் என்பது அவள் எண்ணம். நான்கு வருடம் அதைத் தேடினாள். தூதர்கள் வந்து கூரைக்குக் கீழே நின்று சொல்லும் ‘இதோ’ இருந்தது, அது ஒன்றைக் காட்டி, கண்ணைத் திருப்பு என்றது. ஆபிரகாம் தன் பெயர் கேட்டதும் சொன்ன ‘இதோ’, பிள்ளையாக இருந்த சாமுவேல் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிப்போய்ச் சொன்ன ‘இதோ’, யாரை அனுப்பட்டும் என்ற கேள்விக்கு ஏசாயா சொன்ன ‘இதோ’ என்று இன்னொரு வகை இருந்தது, அது கூப்பிட்டவருக்கு முன்னால் தன்னையே கொண்டுபோய் நிறுத்தியது. வருவேன் என்று வாக்குக் கொடுக்கிற ‘இதோ’வும் இருந்தது. குழி குழியாகச் சீட்டுகள் நிறைந்தன.

தங்கையாவுக்கு நடந்தது அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு பேருக்கு நடந்தது. தையல்காரர் ஒரு வீட்டு முற்றத்தில் நூல்கண்டோடு போய் நின்றார். வார்டு உறுப்பினர் கீழத்தெருப் பெண்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போன் பண்ணியபோது வழக்கம்போல ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லி, பாதி முகம் சவரம் செய்து பாதி முகம் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டுமாக அத்தனை குடங்களுக்கு நடுவே நின்றார். வந்தவரைப் பெண்கள் விடவில்லை, மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. மேலத்தெருவில் பெரியதாய் என்ற விதவை பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் பேசும்போது, பேரனுக்குக் காய்ச்சல் என்று மகள் அழ, ‘அழாத, இதோ வந்துட்டேன்’ என்று சொல்லி, ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரை மடியில் இருக்க, பெங்களூரில் எட்டாவது மாடியில் மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். போனது ஒரு கணத்தில். திரும்பி வர இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடிக்க வேண்டியிருந்தது, முருங்கைக்கீரை நல்லவேளையாக உதவியது என்று வந்து சொன்னாள்.

சபைக் கமிட்டி கூடி இரண்டு மணி நேரம் பேசியது. இது தேவனால் ஆனதா இல்லையா என்ற பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, மீதி நேரமெல்லாம் இதை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான். ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்ததில் மூன்று விஷயம் தெளிவாயிற்று. ஊர் எல்லைக்குள் நின்று சொன்னால்தான் பலிக்கும், வெளியே போய்ச் சொன்னால் வெறும் பேச்சு. ஒருவர் கூப்பிட்டு அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டும், தானாகச் சொல்லிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போக முடியாது. போகத்தான் முடியும், திரும்பி வருவது அவரவர் பாடு. இந்த மூன்றையும் கமிட்டி நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதன்பிறகு ஊர் அந்தச் சொல்லோடு பழகிக்கொண்டது. ‘இதோ’ சொல்லும்முன் செருப்பைக் காலில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் வந்தது. சொல்லப்போகிறவர் குனிந்து செருப்பைத் தேடுவதைப் பார்த்தாலே கூப்பிட்டவருக்கு மனசு குளிர்ந்துவிடும். வர விருப்பமில்லாதவர்கள், வர விருப்பமில்லை என்று சொல்லப் பழகினார்கள், அது முதல் மாதம் கொஞ்சம் கசந்தாலும் பிறகு பழகிவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்றவர் நாளைக்கு வந்தார். வாசிப்பில் ‘இதோ’ வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் முறைப்படி வாசிக்க வேண்டிய தங்கையா எழுந்திருக்க மறுத்ததால் ஐயரே வாசித்தார். சபை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தது, ஐயர் நின்ற இடத்திலேயே நின்றார், பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த வாரமே அவர் தபால் நிலையத்துக்கு வந்து, மரத்தட்டுக்கு முன் வெகுநேரம் நின்று சீட்டுகளை வாசித்துவிட்டு, அசைச்சொல் என்று சொன்னது தன் அறியாமை என்று எமீமாளிடம் ஒப்புக்கொண்டு, இரண்டு குழிச் சீட்டுகளைப் பிரசங்கத்துக்காக வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஊரெல்லாம் சந்தோஷமாக இருந்தபோது எமீமாளுக்கு மட்டும் அந்தச் சொல்லால் ஒரு நஷ்டம் ஏற்பட்டது.

கடற்கரையில் சிப்பிப்பட்டினம் என்ற ஊரிலிருந்து இன்னாசி என்று ஒருவர் உப்பு லாரி ஓட்டினார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் தபால் பை கொண்டுவரும் வண்டியை அவர் ஓட்டிய நாளில் இருவருக்கும் பிரியம் உண்டாயிற்று. அவர் கத்தோலிக்கர், இவள் சீர்திருத்த சபை. அவருடைய அம்மா உயிரோடு இருக்கும்வரை வேறு கோயில் பெண் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள், இவளுடைய அப்பாவும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். இருவரும் அவரவர் வீட்டுக்குக் கீழ்ப்படிந்தார்கள், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருடமும், அந்த அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடமும் ஆகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்னாசி லாரியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தபால் நிலையத்துக்கு வந்து, வராத கடிதம் எதுவும் வந்திருக்கிறதா என்று கேட்பார், பெஞ்சில் கொஞ்சநேரம் இருப்பார், எழுந்து போகும்போது, இந்த ஊரிலிருந்து தொற்றிக்கொண்ட பேச்சில், ‘ஆந்திரா லோடு ஒண்ணு இருக்கு எமீமா, முடிச்சிட்டு இதோ வந்துட்டேன், வந்து பேசிருவோம்’ என்பார். அவர் பேச வந்ததில்லை. ஆனாலும் அந்த ‘இதோ’ ஒரு வாரத்துக்கு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தச் சொல் வேலை செய்யத் தொடங்கிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஊரில் நடப்பதையெல்லாம் டீக்கடையில் கேட்டுவிட்டு வந்த இன்னாசி, எழுந்து போகும்போது வெறுமனே ‘வாரேன்’ என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் ‘வாரேன்.’ தபால் நிலையம் ஊர் எல்லைக்குள் இருந்தது, அவள் எதிரில் இருந்தாள், அந்த ஒரு சொல்லைச் சொன்னால் லோடு முடிந்ததும் அவர் பேச வந்தே தீர வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். எமீமாள் எதுவும் கேட்கவில்லை. நான்கு வருடம் ஒரு சொல்லைத் தேடி எடுத்து, அதற்கு உயிர் வந்ததும் தனக்கு இருந்த ஒன்றே ஒன்றும் போயிற்று என்று ராஜபாயிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். ராஜபாய், பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று தங்கையாவின் பழைய ‘இதோ’வைத் தானும் சில நாள் தேடுவதுண்டு என்றாள்.

ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிக்குத் தபால் பை வந்து, எமீமாள் தேதி முத்திரையைக் கையில் எடுத்து முதல் உறையில் குத்தப்போன நேரத்தில் போன் அடித்தது. இன்னாசி பேசினார். ஓங்கோலுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், லோடின்மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டதாகவும், மறுநாள் ஆபரேஷன் என்றும், தம்பி நம்பர் கிடைக்கவில்லை, அவனுக்குத் தகவல் சொல்ல வேண்டும், லாரி எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லி முடிந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. பிறகு, வேறு ஒன்றும் இல்லாமல், “எமீமா” என்றார்.

இருபது வருடமாக ஊரில் எல்லோருடைய பெயரையும் உரக்க வாசித்துக் கூப்பிட்டவள் அவள். அந்தச் சொல் வரும் ஒவ்வொரு வசனமும் அவளுக்குத் தெரியும். தானே ஒருமுறையும் அதைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேசையில் பிரிக்காத தபால் பை கிடந்தது, கதவு திறந்திருந்தது, செருப்பு வாசலில் இருந்தது. எமீமாள் செருப்பைத் தேடவில்லை.

“இதோ” என்றாள்.

ஆஸ்பத்திரி வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு, கையில் தேதி முத்திரையோடு நின்றாள். பக்கத்துக் கட்டில்காரர் தெலுங்கில் ஏதோ கேட்டார், இவர்கள் இருவருக்குமே அது காதில் விழவில்லை. இன்னாசி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்தார்.

“செருப்பு கூட போடாம வந்திருக்க” என்றார்.

“நீங்க கூப்பிட்டீங்க.”

அவர் போனை மெத்தையில் வைத்தார். பிறகு, “நான் அந்தச் சொல்ல ஏன் விட்டேன்னு நீ கேக்கவே இல்ல எமீமா. எனக்குப் பயம். சொன்னா ஒன் முன்னால வந்து நிக்கணும். வந்து நின்னா என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. எங்கம்மா இருந்தவரைக்கும் அவ பேருல ஒளிஞ்சிக்கிட்டேன். அவ போனப்புறம் ஒளிய எடமில்ல” என்றார்.

“எனக்கும் என்ன பேசுறதுன்னு தெரியாது. வந்தாச்சு. இனி மெதுவாப் பேசிக்கலாம்” என்றாள் எமீமாள். முத்திரையை மருந்து மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எங்கே பிடிப்பார்கள் என்று கேட்கப் போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அவர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கி, இருவரும் ரயில் பிடித்து ஊர் வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் ராஜபாய் தபால் நிலையத்தைத் திறந்து வைத்தாள். முத்திரை ஓங்கோலில் இருந்ததால், ஒவ்வொரு உறையிலும் தேதியைக் கையால் எழுதி, ஓரத்தில் ‘எமீமாள் நல்ல காரியமாக வெளியூர் போயிருக்கிறாள்’ என்றும் எழுதி அனுப்பினாள். தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, தகுந்த காரணம் என்று ஐயர் பதில் எழுதிக் கொடுத்தார், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஐயரும் சிப்பிப்பட்டினத்துக் கத்தோலிக்கப் பங்குச் சாமியாரும் போனில் ஒருவாரம் பேசிக்கொண்டார்கள். யார் எதை விட்டுக்கொடுப்பது என்று தொடங்கிய பேச்சு, பந்தியில் மீன் குழம்பா கோழிக் குழம்பா என்பதில் வந்து முடிந்தது. தாலிகட்டு தேறுதல்புரத்துக் கோயிலில், சாமியாரும் பக்கத்தில் நின்று ஆசீர்வதிப்பார், பந்தி கடற்கரையில் என்று முடிவாயிற்று. தை மாதம், காலை பத்து மணிக்கு முகூர்த்தம்.

பத்து மணிக்குக் கோயில் நிறைந்திருந்தது. எமீமாள் சந்தன நிறச் சேலையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், சாமியார் முந்தின நாளே வந்துவிட்டார், மாப்பிள்ளையைத்தான் காணோம். பத்தரைக்கு ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கையா போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிப் பீடத்துக்கு முன் பிடித்தார்.

“வேன் டயர் வெடிச்சிட்டு அண்ணாச்சி” என்று இன்னாசியின் குரல் கோயிலெங்கும் கேட்டது. “இதோ வந்துட்டேன்.”

சபை முழுவதும் திரும்பி வாசலைப் பார்த்தது, பீடத்தைப் பார்த்தது. யாரும் வந்து நிற்கவில்லை. அவர் ஊர் எல்லைக்கு வெளியே இருந்தார், வெளியே சொன்னால் வெறும் பேச்சு என்று கமிட்டி நோட்டிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டு, கேட்டபிறகு காத்திருப்பது ஊருக்கு மறந்துபோயிருந்ததால் எல்லோருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பெரியதாய், இதற்கு என்ன அர்த்தம், வருவானா மாட்டானா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அந்த மனுஷர் சத்தியமாகத்தான் சொன்னாரா என்ற சந்தேகம் வரிசை வரிசையாக நகர்ந்து முன்வரிசைவரை வந்தது.

எமீமாள் எழுந்து கோயில் வாசலுக்குப் போய், படியில் உட்கார்ந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்ட ராஜபாயிடம், காத்திருக்கப் போகிறேன் என்றாள். வேதாகமத்தில் கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சீக்கிரம் வருவேன் என்று ஆண்டவர் சொல்லிவிட்டுப் போன ‘இதோ’வை அவளும்தான் சீட்டில் எழுதினாள். அந்தச் சொல் அங்கே என்ன காரியம் செய்கிறது என்ற இடத்தை மட்டும் நிரப்பத் தெரியாமல் விட்டிருந்தாள். இப்போது படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறும் செம்மண் பாதையைப் பார்த்திருந்தபோது, அது சொன்னவரைக் கொண்டுவந்து நிறுத்துகிற சொல் இல்லை, கேட்டவரை வாசலில் கொண்டுவந்து உட்காரவைக்கிற சொல் என்று அவளுக்குப் பட்டது.

ராஜபாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பாடகர் குழுப் பெண்கள் வந்தார்கள், பிறகு ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், சாமியாரும் அவருக்குப் பக்கத்தில் உட்கார இடம் கேட்டார், கடைசியில் கோயிலே காலியாகி ஊர் முழுவதும் படியிலும் வேப்பமர நிழலிலும் வந்து உட்கார்ந்தது. கல்யாண முறுக்குத் தூக்கு திறக்கப்பட்டது. தெரிந்த கீர்த்தனையெல்லாம் பாடித் தீர்த்து, தெரியாததையும் பாடினார்கள்.

பன்னிரண்டு மணி தாண்டி, மணிக்கூண்டில் ஏறி நின்ற கோயில்மணிக்காரர், “அதோ” என்றார்.

தேரிக்காட்டு ஓரத்தில் செம்மண் புழுதிக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. வேனை விட்டுவிட்டு, ஊன்றுகோலை மணலில் ஊன்றி ஊன்றி, இன்னாசி நடந்து வந்துகொண்டிருந்தார். எல்லையைத் தாண்டி ஊருக்குள் கால் வைத்த பிறகும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நடந்தேதான் வந்தார். யாரும் ஓடிப்போய்த் தாங்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. சொன்னவர்கள் வந்து நிற்பதைத்தான் இத்தனை மாதமும் அந்த ஊர் பார்த்திருந்தது. ஒருவர் வருவதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. சின்னதாய்த் தெரிந்து, கொஞ்சம் பெரிதாகி, முகம் தெரிந்து, முகத்தில் வியர்வை தெரிந்து, சிரிப்பு தெரிந்து, அவர் வர வர, எல்லோரும் எழுந்து நின்றார்கள்.